கழிப்பறை கழுவுற அக்காவுக்கு ஏன் மூச்சு முட்டுது?

நீளமான த்ரெட். பஸ் ஸ்டாண்டு கழிப்பறையைப் பத்தினது. சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்கன்னா முடிச்சிட்டு வாங்க. ஆனா வந்து படிங்க.

கொஞ்ச நாளைக்கு முன்னாடி, நைட் டியூட்டி. பதினொன்றரை மணிக்கு ஒரு அக்கா, ஐம்பது வயசு இருக்கும், மகன் தோளைப் பிடிச்சுக்கிட்டு உள்ள வர்றாங்க. கண்ணு ரெண்டும் சிவந்து நீர் கொட்டுது. விடாத இருமல். ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சுல சொல்லி முடிக்க முடியல. ஆக்சிஜன் அளவு 90. ஸ்டெதஸ்கோப் வச்சா ரெண்டு பக்கமும் விசில் சத்தம்.

"வீசிங் இருக்காக்கா உங்களுக்கு?"
"இல்லீங்க சார்."
"வீட்ல அடுப்புப் புகையா?"
"கேஸ் அடுப்புதான் சார்."

மகன்தான் சொன்னார். அம்மா டெல்டாவுல ஒரு ஊர் பஸ் ஸ்டாண்டு கழிப்பறையில வேலை பார்க்குறாங்க. அன்னைக்கு முகூர்த்த நாள், கூட்டம் ஜாஸ்தி. வழக்கம்போல ஆசிட் ஊத்திக் கழுவியிருக்காங்க. நாத்தம் போகல. "மேல பிளீச்சிங் பவுடரையும் போட்டு நல்லா தேய்" அப்படின்னு மேஸ்திரி சொல்லியிருக்கார். அக்காவும் கதவைச் சாத்திக்கிட்டு தேய்ச்சிருக்காங்க. கதவு திறந்திருந்தா ஆளுங்க உள்ள வந்துடுறாங்களாம்.

(ஆளை அடையாளம் தெரியாத மாதிரி விவரங்களை மாத்தியிருக்கேன்.)

ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தா என்ன வரும்? பன்னிரண்டாவது கெமிஸ்ட்ரி படிச்ச பிள்ளைங்களைக் கேளுங்க. குளோரின் வாயு. 1915 ஏப்ரல்ல, பெல்ஜியத்துல ஈப்ர் ஊருக்குப் பக்கத்துல ஜெர்மன் படை எதிரிப் பதுங்குகுழிகள் மேல திறந்துவிட்ட அதே வாயு. அளவு வேற, நெஞ்சுக்குள்ள அது பண்ற வேலை ஒண்ணுதான். மூச்சுக்குழாய் ஈரத்துல பட்டதும் அமிலமா மாறி அரிக்கும். கொஞ்சம் போனா இருமல், கண்ணெரிச்சல். நிறையப் போனா நுரையீரல்ல நீர் கோத்துக்கும், அதுவும் உடனே தெரியாது, சில மணி நேரம் கழிச்சுத் தெரியும். அதனாலதான் "இப்ப சரியாப் போச்சு சார், நான் கிளம்புறேன்"ன்னு அந்த அக்கா ரெண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்தப்ப விடியுற வரைக்கும் நான் விடல.

போர்ல குளோரினைத் தடை பண்ண ஒப்பந்தம் இருக்கு. அஞ்சுக்கு நாலு அடி கக்கூசுல அதைக் கலக்கச் சொல்ற மேஸ்திரிக்குக் கலக்கக் கூடாதுன்னு சொல்ல ஒரு ஆள் இல்ல.

இங்க நம்ம பக்கத்துல கழிப்பறை பேச்சு எப்ப வந்தாலும் ஒரே திசையிலதான் போகும். "உள்ள கால் வைக்க முடியல", "நாத்தம் குடலைப் பிடுங்குது", "காசு மட்டும் வாங்கிடுறான்". எல்லாம் உண்மை. நானும் மூக்கைப் பொத்திக்கிட்டு வெளிய ஓடி வந்தவன்தான். ஆனா இந்தப் பேச்சு மொத்தமும் அஞ்சு நிமிஷம் உள்ள போய்ட்டு வர்றவங்க பேச்சு. எட்டு மணி நேரம் உள்ளயே இருக்கிற ஆளோட மூக்கு, நுரையீரல், கை, கால், யாரோட கணக்குலயும் இல்ல.

முதல்ல ஒண்ணைத் தெளிவாச் சொல்லிடுறேன். எனக்குப் பொதுக் கழிப்பறை வேணும். நிறைய வேணும். ஒவ்வொரு கடைத்தெருவுலயும் வேணும். ஏன்னா அது இல்லாததோட விளைவு தினமும் என் ஓபி-யில வரிசையில நிக்குது.

ஜவுளிக்கடையில பன்னிரண்டு மணி நேரம் நிக்கிற பொண்ணுங்க. பூ விக்கிற அம்மாக்கள். டிராஃபிக்ல நிக்கிற பெண் போலீஸ். "தண்ணி நிறையக் குடிங்கம்மா"ன்னு சொன்னா என்னைப் பரிதாபமாப் பாப்பாங்க. குடிச்சா போகணும். எங்க போறது? காலையில வீட்ல ஒரு தடவை, ராத்திரி வீட்ல ஒரு தடவை. நடுவுல அடக்கி வச்சு அடக்கி வச்சு, வருஷத்துக்கு நாலு தடவை நீர்க்கடுப்பு, குளிர் ஜுரம். ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுக்கிறேன். நான் எழுதிக் கொடுக்க வேண்டியது உண்மையில ஒரு கழிப்பறை.

இன்னொண்ணு டாக்டர்களுக்கே ரொம்ப நாள் புரியாது, எனக்கும் புரியல. இதயம் பலவீனமான பெரியவர். கால் வீக்கம். நீர் மாத்திரை கொடுத்திருக்கேன். ஒவ்வொரு தடவை செக்கப்புக்கு வர்றப்பவும் வீக்கம் ஏறியிருக்கு. டோஸை ஏத்துறேன், ஏத்துறேன், பிரயோஜனம் இல்ல. ஒரு நாள் அவர் வீட்டம்மாதான் போட்டு உடைச்சாங்க: "பஸ் ஏறுற அன்னைக்கு மாத்திரை போட மாட்டாரு சார். வழியில எங்க போவாரு?" திருத்துறைப்பூண்டி பக்கம் கிராமம், ரெண்டு பஸ் மாறி வரணும். ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்காகவே ஆஸ்பத்திரி கொடுத்த மாத்திரையை நிறுத்திட்டு வர்றார். சர்க்கரைக்காரங்க, புராஸ்டேட் வீங்கினவங்க, கர்ப்பிணிங்க, இவங்க யாருக்கும் பொதுக் கழிப்பறை சொகுசு சமாச்சாரம் இல்ல.

காசு விஷயம். ஒரு தடவைக்குப் பத்து ரூபா வாங்குற இடங்கள் இருக்கு. பூக்கார அம்மா நாலு தடவை போனா நாற்பது ரூபா. அவங்க ஒரு நாள்ல எத்தனை முழம் வித்து அந்த நாற்பது ரூபாயைச் சம்பாதிக்கணும்னு கணக்குப் போட்டுப் பாருங்க.

இப்ப வழக்கமான பதிலுக்கு வர்றேன். "டாக்டர், கட்டித்தான் கொடுக்கிறாங்க. நம்ம ஜனங்களுக்குத்தான் யூஸ் பண்ணத் தெரியல."

இதைச் சொல்றவங்க கிட்ட ஒரு கேள்வி. திருச்சிக்காரங்க ஜனங்க இல்லையா? அவங்க குடிக்கிறதும் இதே காவிரித் தண்ணிதானே? திருச்சியில கிராமாலயா அமைப்பு குடிசைப் பகுதிப் பெண்களை வச்சுக் குழுக்கள் அமைச்சு, சமுதாயக் கழிப்பறைகளை அந்தப் பெண்கள் கையிலேயே கொடுத்தது. வாசல்ல ஒரு பெண் உட்கார்ந்து சின்னக் கட்டணம் வாங்குவார். அந்தக் காசுலயே தண்ணி, கரண்ட், சோப்பு, சுத்தம் பண்றவங்க சம்பளம். கணக்கு நோட்டும் குழு கையில. அங்க கல்மந்தை குடியிருப்பு 2002-லேயே திறந்தவெளியில மலம் கழிக்கிறது இல்லாத பகுதின்னு அறிவிக்கப்பட்டது. நாட்டுலயே ஒரு குடிசைப் பகுதி அப்படி ஆனது அதுதான் முதல்னு சொல்வாங்க. தூய்மை இந்தியா திட்டம் வர்றதுக்குப் பன்னிரண்டு வருஷம் முன்னாடி!

முசிறியில இன்னும் வேடிக்கை. காவிரிக்கரை ஊர். அங்க சுப்புராமன் ஐயாவோட ஸ்கோப் அமைப்பு மலத்தையும் சிறுநீரையும் தனித்தனியாப் பிரிச்சு உரமாக்குற கழிப்பறை கட்டி, போறவங்களுக்கு இவங்க காசு கொடுத்தாங்க. வாங்கல, கொடுத்தாங்க. ரெண்டு மாதிரியும் எல்லா ஊருக்கும் அப்படியே பொருந்தும்னு நான் சொல்லல. பஸ் ஸ்டாண்டுல வந்து போறது வெளியூர்க்காரங்க, அங்க "நம்ம கழிப்பறை"ங்கிற உரிமை வராது. ஆனா "ஜனங்க சரியில்ல"ங்கிற வாதம் அங்கயே செத்துப் போச்சு. ஜனங்க அதே ஜனங்கதான். தண்ணி வருது, பல்பு எரியுது, பொறுப்பா ஒரு ஆள் இருக்கார், அவருக்குச் சம்பளம் ஒழுங்கா வருது. இந்த நாலும் இருந்தா ஜனங்களுக்கு யூஸ் பண்ணத் தெரியும்.

நம்ம பக்கம் என்ன நடக்குது? கட்டடத்துக்கு ஒரு டெண்டர். திறப்பு விழா. ரிப்பன். அப்புறம் பராமரிப்புக்கு ஒரு குத்தகை. எடுத்தவர் இன்னொருத்தருக்குக் கை மாத்தி விடுவார். அவர் ஒரு மேஸ்திரியைப் போடுவார். மேஸ்திரி ஒரு அக்காவை நிறுத்துவார். அந்த அக்கா கையில இருக்கிறது ஒரு தென்னந்துடைப்பம், ஒரு வாளி, லேபிள் இல்லாத பழைய கூல்டிரிங்ஸ் பாட்டில்ல ஆசிட். மேல இருந்து கீழ வரைக்கும் நாலு பேர் கையில காசு நின்னு, கடைசியா மிஞ்சினதுக்கு வாங்கினது அந்த பாட்டில்.

ஆசிட்டைப் பத்தி இன்னும் ரெண்டு வார்த்தை. அது கறையை எடுக்கும், உண்மைதான். கூடவே டைல்ஸ் இடுக்குல இருக்கிற சிமென்ட்டையும் அரிக்கும். அரிச்ச இடுக்குல மூத்திரம் தேங்கும். அந்த நாத்தத்தைப் போக்க இன்னும் ஆசிட். அது செப்டிக் டேங்குக்குள்ள போய், மலத்தை மட்க வைக்கிற பாக்டீரியாவையும் கொல்லும். கழிவு மட்காம சீக்கிரம் ரொம்பும். தினமும் ரெண்டு வேளை சோப்புத் தண்ணியும் நல்ல பிரஷ்ஷும் போட்டா, கறை தங்குற பேச்சே இல்ல. உப்புக்கறைக்கு சிட்ரிக் அமிலம் போதும். கிருமிக்குப் பிளீச்சிங் கரைசல், அதுவும் தனியா, மத்ததையெல்லாம் தண்ணி விட்டு அலசின பிறகு, கதவைத் திறந்து வச்சுக்கிட்டு. இதெல்லாம் ராக்கெட் விஞ்ஞானம் இல்ல.

"கிளவுஸ் கொடுத்தாலும் போட மாட்டேங்கிறாங்க டாக்டர்." இதையும் அடிக்கடி கேக்குறேன். கொரோனா சமயத்துல நான் அந்தக் கவச உடையைப் போட்டவன். ரெண்டு மணி நேரத்துல உள்ள பனியன் பிழியப் பிழிய நனைஞ்சிருக்கும். அதுவும் ஃபேன் ஓடுற வார்டுல. தஞ்சாவூர் கத்திரி வெயில்ல, காத்து வராத தகரக் கதவுக்குப் பின்னாடி, நாங்க ஊசி போடும்போது மாட்டுற மெல்லிசு கிளவுஸைக் கொடுத்துட்டு "போட மாட்டேங்கிறா"ன்னா எப்படி? அது ஆசிட்டுக்குப் பத்து நிமிஷம் தாங்காது. முழங்கை வரைக்கும் வர்ற தடிமனான ரப்பர் கிளவுஸ் வேணும், கை அளவுக்கு வேணும், கிழிஞ்சா அன்னைக்கே மாத்தணும். துணி மாஸ்க் தூசிக்குத்தான், வாயுவுக்கு அது சல்லடை. எல்லாத்துக்கும் முன்னாடி, ஆபத்தான பொருளை அங்கிருந்து எடுக்கணும். கவசம் கடைசி வரிசை. நாம எடுத்ததும் கடைசி வரிசைக்குப் போய், அது தோத்ததும் தொழிலாளி மேல பழி போடுறோம்.

இது வரைக்கும் சுவருக்கு முன்னாடி. இனி சுவருக்குப் பின்னாடி. செப்டிக் டேங்க்.

உள்ள தேங்கின கழிவுல காத்து இல்லாம பாக்டீரியா வேலை செய்யும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும். அழுகின முட்டை நாத்தம். காத்தை விடக் கனம், அதனால அடியிலயே படுத்திருக்கும். ரொம்பக் கொஞ்சம் இருந்தாலே மூக்கு கண்டுபிடிச்சுடும். ஆனா 100 பிபிஎம் அளவுக்கு ஏறினா சில நிமிஷத்துல வாசனை நரம்பு மரத்துப் போகும். நாத்தமே தெரியாது. "வாடை அடங்கிடுச்சு, இப்ப இறங்கலாம்"னு நினைக்கிற அந்த நேரம்தான் எமன் நேரம். 700, 800-ஐத் தாண்டினா ஓரிரு மூச்சுலேயே நினைவு தப்பும். நம்ம ஒவ்வொரு செல்லும் ஆக்சிஜனைப் பயன்படுத்துற இடத்தையே இது அடைச்சுடுது. ரத்தத்துல ஆக்சிஜன் இருந்தும் உடம்பு மூச்சு முட்டிச் சாகும்.

தீக்குச்சி கொளுத்திப் பார்க்கிறது, கோழியை இறக்கிப் பார்க்கிறதுன்னு எதையும் நம்பாதீங்க. மீத்தேனும் உள்ள இருக்கும், தீக்குச்சி வெடிக்கும்.

2019 மார்ச்சுல ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துல ஒரே செப்டிக் டேங்க்ல ஆறு பேர். அதுல ஒரு அப்பாவும் ரெண்டு மகன்களும். ஒருத்தரைத் தூக்கப் போய் இன்னொருத்தர், அவரைத் தூக்கப் போய் இன்னொருத்தர். 2022 ஏப்ரல்ல மதுரை நேரு நகர் கழிவுநீர் உந்து நிலையத்துல மூணு தொழிலாளிகள், அதே கதை.

"அது இறங்குறவங்க பிரச்சினை, நமக்கென்ன"ன்னு இருக்கவும் முடியாது. 2024 ஜூன் 11, புதுச்சேரி ரெட்டியார்பாளையம் புதுநகர். பாதாளச் சாக்கடையிலிருந்து விஷவாயு வீட்டுக் கழிவறை வழியா ஏறி வந்து, பள்ளிக்கூடம் படிச்ச ஒரு சிறுமி உட்பட மூணு பெண்கள் செத்துப் போனாங்க. இறங்கல, குழி தோண்டல. சொந்த வீட்டுக் கழிவறைக்குப் போனாங்க. கழிவறைக்கு அடியில வளைஞ்ச குழாய்ல நிக்கிற கொஞ்சம் தண்ணிதான் நமக்கும் அந்த வாயுவுக்கும் நடுவுல இருக்கிற ஒரே கதவு. தண்ணி வராத, வளைவே இல்லாம நேர்க்குழாய் போட்ட பொதுக் கழிப்பறையில அந்தக் கதவும் இல்ல.

டெல்டாவுக்கு இதுல தனிச் சிக்கல் ஒண்ணு. ஜூன் 12 மேட்டூர் திறந்து வாய்க்கால்ல தண்ணி ஓட ஆரம்பிச்சா நம்ம நிலத்தடி நீர் மேல ஏறும். ஐப்பசி, கார்த்திகையில சொல்லவே வேணாம். களிமண் பூமி, டேங்க் தண்ணி மண்ணுல இறங்காது. வெயில் காலத்துல மாசக்கணக்குல தாங்குற டேங்க் மழைக்காலத்துல வாரத்துல ரொம்பி வழியும். லாரி வரும், உறிஞ்சும். உறிஞ்சினதைச் சில லாரிகள் ராத்திரியோட ராத்திரியா எங்க கொட்டுதுன்னு ஆத்தோரம் குடியிருக்கிறவங்களைக் கேளுங்க. 2014-லேயே கழிவு மேலாண்மைக்கு தமிழ்நாடு அரசு வழிகாட்டு நெறிமுறை போட்டாச்சு. வாய்க்காலுக்கு அது தெரியாது. அந்த வாய்க்கால் தண்ணியிலதான் அடுத்த நாள் காலையில நம்ம பெண்கள் குனிஞ்சு நாத்து நடுறாங்க. சேத்துப்புண் வெடிப்போட. டைபாய்டு, மஞ்சள் காமாலை, வயித்துப்போக்குன்னு அது திரும்ப என் ஓபி-க்கே வந்து சேருது.

சேவப்பநாயக்கன் ஏரியிலிருந்து சிவகங்கைக் குளத்துக்கு மண்ணுக்கடியில குழாய் பதிச்சுத் தண்ணி கொண்டுவந்த ஊர் இது. நல்ல தண்ணியைக் கொண்டுவரத் தெரிஞ்ச நமக்குக் கெட்ட தண்ணியைக் கொண்டுபோகத் தெரியலன்னா நம்புறதா?

மெஷின் இல்லைன்னும் சொல்ல முடியாது. மேன்ஹோல்ல மனுஷனுக்குப் பதில் இறங்குற பேண்டிகூட் ரோபோவைத் தமிழ்நாட்டுல முதல்ல வாங்கினது எந்த ஊர் தெரியுமா? சென்னை இல்ல, கோவை இல்ல. நம்ம கும்பகோணம். கேரளப் பசங்க கண்டுபிடிச்சது. சந்து குறுகல், பழைய ஊர், மெஷின் நுழையாதுங்கிற சாக்கு எல்லாம் கும்பகோணத்துக்கே பொருந்தலன்னா வேற எந்த ஊருக்குப் பொருந்தும்?

ஆனா ரோபோ மேன்ஹோலுக்கு. கழிப்பறை டேங்குக்கு ரோபோவே வேணாம், உறிஞ்சு லாரி போதும். பிறகு ஏன் ஆள் இறங்குறான்? ரெண்டு காரணம். மூணு வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்க வேண்டிய கசடை எட்டு, பத்து வருஷம் விட்டா அடியில கல்லா இறுகிடும். லாரி பைப் உறிஞ்சாது, உள்ள இறங்கி மண்வெட்டியால வெட்டணும். இன்னொண்ணு, துணி, நாப்கின், பாட்டில் போய் அடைக்கும். பெண்கள் கழிப்பறைக்குள்ள மூடி போட்ட ஒரு குப்பைக்கூடை இருந்தா நாப்கின் குழிக்குள்ள போகாது. அந்தக் கூடை இல்லாததுக்காக ஒருத்தன் கயிறு கட்டி இறங்குறான். ஆளை இறக்குற முடிவு அன்னைக்குக் காலையில எடுக்கிறது இல்லீங்க. கூடை வாங்காத அன்னைக்கே, கசடு எடுக்காத வருஷமே எடுத்தாச்சு.

சட்டத்துக்கும் குறைச்சல் இல்ல. 1993-ல ஒண்ணு. 2013-ல இன்னும் கடுமையா ஒண்ணு: பாதுகாப்புக் கருவி இல்லாம சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆளை இறக்கினா முதல் தடவைக்கே ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், ரெண்டு லட்சம் வரைக்கும் அபராதம், அல்லது ரெண்டும். 2014-ல உச்ச நீதிமன்றம் இறந்தவங்க குடும்பத்துக்குப் பத்து லட்சம்னு சொன்னது. 2023 அக்டோபர்ல அதை முப்பது லட்சமா உயர்த்தியது. சரி, 1993-லிருந்து இப்படிச் செத்தவங்க கணக்கை தேசிய தூய்மைப் பணியாளர் ஆணையம் வச்சிருக்கு. அதுல எந்த மாநிலம் முதலிடம்? நாமதான். இருநூறு பேருக்கு மேல. மருத்துவத்துல முன்னோடி, கல்வியில முன்னோடின்னு நான் எங்க போனாலும் மார்தட்டுறவன். இந்த வரிசையை மட்டும் யாரும் மேடையில சொல்றதில்ல.

சொல்லாததுக்குக் காரணமும் தெரிஞ்சதுதான். 2024-ல ஒன்றிய அரசு 38,000 சாக்கடை, செப்டிக் டேங்க் தொழிலாளர்களோட விவரத்தைத் தொகுத்தது. பத்துல ஒன்பது பேர் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டவங்க. பட்டியல் சாதியினர் மட்டுமே மூணுல ரெண்டு பங்கு. எனக்குத் தெரிஞ்சு ஆபரேஷன் தியேட்டர்ல இப்படி ஒரு மரணம் நடந்தா மறுநாளே விசாரணை, நடைமுறையே மாறும். இங்க மறுநாள் வேற ஒருத்தர் வர்றார். நாம சாதி பாக்குறதில்லன்னு சொல்லிக்கிறோம். கழிப்பறை வாசல்ல நின்னு வேலைக்கு வர்றவங்களை ஒரு மாசம் பாருங்க.

தஞ்சாவூர் 2016-ல ஸ்மார்ட் சிட்டி பட்டியல்ல வந்தது. பழைய பஸ் ஸ்டாண்டை இடிச்சுப் புதுசாக் கட்டியாச்சு. சந்தோஷம். 2028-ல கும்பகோணத்துல மகாமகம் வருது. லட்சக்கணக்குல ஜனம் வரும், தற்காலிகக் கழிப்பறை ஆயிரக்கணக்குல நிறுத்துவாங்க. எண்ணிக்கை பேப்பர்ல வரும். நான் கேக்குறது வேற எண்ணிக்கை. அதைக் கழுவப் போறவங்க எத்தனை பேர், எத்தனை மணி நேர ஷிஃப்ட், என்ன கெமிக்கல், கழிவு எந்த லாரியில ஏறி எங்க இறங்கும், அவங்களுக்கு ஹெப்படைட்டிஸ் பி, டெட்டனஸ் ஊசி போட்டாச்சா, எலிக்காய்ச்சல் வந்தா எந்த வார்டு? இதையெல்லாம் டெண்டர்லயே எழுதுங்க. எழுதாத டெண்டர்ல கையெழுத்துப் போடாதீங்க. இன்னும் நேரம் இருக்கு.

இதைப் படிக்கிற கவுன்சிலர் யாராவது இருந்தா, நாளைக்கு உங்க வார்டு கழிப்பறைக்குப் போங்க. டைல்ஸைப் பார்க்க வேணாம். துடைப்பம் வைக்கிற ரூமைத் திறக்கச் சொல்லுங்க. உள்ள லேபிள் இல்லாத பாட்டில் இருக்கா, கிளவுஸ் இருக்கா, வேலை முடிஞ்சு கை கால் கழுவ சோப்பும், புடவை மாத்த ஒரு மறைவும் அவங்களுக்கு இருக்கான்னு பாருங்க. டேங்க் கடைசியா எந்த வருஷம் எடுத்தாங்கன்னு கேளுங்க. பதில் தெரியலன்னா அதுதான் பதில்.

அவசரத்துக்கு: குழியில யாராவது மயங்கி விழுந்தா தயவுசெஞ்சு பின்னாடியே இறங்காதீங்க. அப்பாவா இருந்தாலும், பிள்ளையா இருந்தாலும். 108-க்கும் தீயணைப்புக்கும் அடிங்க. கயிறு எட்டினா மேல இருந்தே இழுங்க. வெளிய எடுத்ததும் திறந்த காத்துல படுக்க வச்சு, மூச்சு இல்லைன்னா நெஞ்சை அழுத்துங்க, வாயோட வாய் வச்சு ஊதாதீங்க. செப்டிக் டேங்க், சாக்கடை வேலைக்கு ஆளைத் தேடாம 14420-க்குக் கூப்பிடுங்க.

அந்த அக்கா? காலையில அஞ்சரைக்கு ஆக்சிஜன் 97. ரெண்டு நாள் ரெஸ்ட் எழுதித் தர்றேன்னேன். "வேணாம் சார், ஆள் மாத்திப்புடுவாங்க"ன்னாங்க. இன்ஹேலரை முந்தானையில முடிஞ்சுக்கிட்டு, ஆறு மணி பஸ்ஸுக்கு முன்னாடி கழுவி விடணும்னு கிளம்பிட்டாங்க. ஆசிட்டும் பவுடரும் சேர்த்துப் போடக் கூடாதுன்னு ஒரு சீட்டுல பெரிய எழுத்துல எழுதி, மேஸ்திரி கிட்டக் காட்டச் சொல்லிக் கொடுத்து விட்டிருக்கேன். காட்டினாங்களான்னு அடுத்த வாரம் வரும்போது கேக்கணும்.